பூங்கோதை யோசிக்கும்போது பால் பொங்காது

எங்கள் பம்ப் ஹவுஸ் தெருவில் அறுபத்திரண்டு வீடு. அறுபத்திரண்டு வீட்டிலும் அடுப்பில் பால் வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை வாசலுக்கு வந்து தெருமுனைச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் போவோம், ஏனென்றால் பூங்கோதை இன்றைக்கு எந்த ஊரில் எத்தனை மணிக்குச் செஸ் ஆட உட்காருகிறாள் என்று அவள் அம்மா அமிர்தம்மா அந்தச் சுவரில் அடுப்புக்கரியால் எழுதி வைத்திருப்பார், அந்த நேரத்தில் பால் வைத்தால் அது சுடும், ஏடு கட்டும், விளிம்பு வரைக்கும் வரும், வந்து அப்படியே நின்றுகொண்டு நம்மைப் பார்க்கும், பொங்காது.

அமிர்தம்மாவுக்கு இஸ்திரி வண்டி. ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸ் துணியெல்லாம் அவரிடம்தான் வரும். தேய்த்த துணியைப் பழைய பேப்பரில் சுற்றிக் கட்டுவது பூங்கோதை வேலை. அந்தப் பேப்பரில் வாரம் ஒரு தடவை வருகிற கறுப்பு வெள்ளைக் கட்டப் படத்தைப் பார்த்துப் பார்த்தே அவள் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டாள். ரயில்வேயில் கார்டாக இருந்த ஒருவர் வீட்டுத் துணி மூட்டைக்குள் செஸ் காய்களும் அட்டையும் தெரியாமல் வந்து சேர்ந்தன, திருப்பிக் கொடுக்கப் போனால் நீயே வெச்சுக்கோ என்று சொல்லிவிட்டார்கள். அவளும் நானும் ஒரே பெஞ்சு. என்னோடு ஆடினால் அவள் ஜெயிக்க ஐந்து நிமிஷம் ஆகும், அதில் நாலு நிமிஷம் நான் குதிரை எப்படிப் போகும் என்று கேட்டுக்கொண்டிருப்பது.

எட்டு வயசில் முதல் தடவையாகப் பள்ளிக்கூடத்தில் அவளை வேலூருக்கு அழைத்துப்போனார்கள். கல்யாண மண்டபத்தில் போட்டி, முதல் தடவையாகக் கடிகாரம் வைத்து ஆட்டம். ஒரே பெட்டியில் இரண்டு கடிகாரம், நான் யோசித்தால் என்னுடையது ஓடும், நகர்த்திவிட்டுத் தட்டினால் உன்னுடையது ஓடும், யாருடைய நேரம் முதலில் தீர்கிறதோ அவர்கள் தோற்றார்கள். அன்றைக்குப் பகல் பதினொன்றே காலுக்கு இங்கே தெருவில் அமிர்தம்மா ஒரு வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார், இஸ்திரிப் பெட்டி நன்றாகச் சுடுகிறது, தண்ணீர் தெளித்தால் சுர்ரென்கிறது, ஆனால் சட்டையில் ஒரு சுருக்கம் மட்டும் போகவே இல்லை. பக்கத்து வீட்டில் சோறு அரைவேக்காட்டில் நின்றது. எங்கள் வீட்டில் எண்ணெயில் போட்ட வடை சிவக்காமல் வெள்ளையாகவே மிதந்தது, எங்கம்மா மாவைத் திட்டினாள், எண்ணெயைத் திட்டினாள், அப்புறம் என்னைத் திட்டினாள். பதினோரு நிமிஷம். அதற்கப்புறம் எல்லாம் ஒரே நேரத்தில் சிவந்து, வெந்து, சுருக்கம் எடுபட்டது.

சாயந்தரம் பூங்கோதை ஒரு சில்வர் கப்போடு வந்து இறங்கினாள். அவள் ஆட்டம் எழுதிய தாளில் எந்த நகர்த்தலுக்கு எத்தனை மணிக்கு யோசித்தாள் என்று குறித்திருந்தது. தெருப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, என் வடை எப்போது நின்றது, உன் சோறு எப்போது நின்றது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது.

"அப்ப இவ யோசிச்சா நம்ம தெருவுல தானா ஆகுறது எதுவும் ஆகாது," என்றார் தையல்காரர் காதர் பாய். "மனுசன் கையால பண்றது நடக்கும். தானா ஆகுறது நிக்கும்."

"அடுத்த போட்டி எப்பன்னு முன்னாடியே சொல்லிடு அமிர்தம், உலை வெக்கறதுக்குத் தோதா இருக்கும்," என்றாள் எங்கம்மா. அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் அதைப் பற்றி அதிசயப்படவில்லை. பெரிய ரோட்டைத் தாண்டினால் அந்தப் பக்கம் இந்தக் கதை கிடையாது, எங்கள் தெருவுக்குள் மட்டும்தான், அதனால் வெளியே சொல்லி என்ன ஆகப்போகிறது?

அவள் வளர வளர அவள் யோசனையும் வளர்ந்தது. எட்டு வயசில் பதினோரு நிமிஷம், மாநிலப் போட்டி ஜெயித்த வருஷம் இருபது, பதினேழு வயசில் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது ஒரே நகர்த்தலுக்கு முப்பத்தைந்து. தெருவும் அதற்குத் தகுந்தாற்போல் பழகிக்கொண்டது. போட்டி நாளில் பழையசோறு, பன்னு, பிஸ்கட். இட்லி மாவு முந்தின நாளே ஆட்டிப் புளிக்க வைத்துவிட வேண்டும். துவைத்த துணி காயாது. புருஷன் பொண்டாட்டிக்குள் சண்டை வந்தால் கோபம் ஆறாது, அதனால் போட்டி நேரத்தில் சண்டை போடுவதில்லை என்று பல வீட்டில் ஒரு ஏற்பாடு. லாபமும் இருந்தது. பூக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் தெருவில் உட்கார்ந்துகொள்வாள், மொட்டு விரியாது, வாடாது. ஐஸ்காரர் வண்டியை நிழலில்கூட விடமாட்டார், ஐஸ் உருகாது. காய்ச்சல் பிடித்த பிள்ளைக்கு ஜுரம் ஏறாது. எங்கள் தெருவில் ஒருத்திக்கும் அந்த ஆட்டம் தெரியாது, ராணி எது மந்திரி எது என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான், ஆனால் கடிகாரம் தெரியும், போனில் ஆட்டத்தைப் போட்டால் காய் பக்கமே போகமாட்டோம், ஓரத்தில் ஓடுகிற நிமிஷத்தை மட்டும் பார்ப்போம்.

ஏழாவதோடு என் படிப்பு நின்றது. பத்தொன்பதில் கல்யாணம், அதுவும் அதே தெருவில், பிறந்த வீடு ஒன்பது, புகுந்த வீடு முப்பத்தேழு. அவருக்குத் தண்டவாளத்தைப் பழுது பார்க்கிற கேங் வேலை. பூங்கோதை ஊருக்கு வந்தால் நேராக என் வீட்டுப் பின்கட்டுக்கு வந்துவிடுவாள், நான் மீன் ஆய்வேன், அவள் எதிரில் குந்திக்கொண்டு பூனையை விரட்டுவாள். ஒருநாள் அப்படி உட்கார்ந்திருக்கும்போது அவள் சொன்னதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"அம்சா, யோசிக்க ஆரம்பிச்சா மொதல்ல எனக்குக் காய் தெரியாதுடி. நம்ம தெருதான் தெரியும். யார் வீட்ல இன்னா அடுப்புல இருக்கு, யாருக்கு உடம்பு முடியல, எல்லாம் இங்க வந்து உக்காந்துக்கும்." நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "அதையெல்லாம் தாண்டிப் போனாத்தான் காய்கிட்டயே போக முடியும்."

"அப்ப கஷ்டமா இருக்குமே?"

"பாரமா இருக்கும். பழகிப்போச்சு."

அப்புறம்தான் பொன்னுரங்கம் விஷயம் நடந்தது. எங்கள் தெருக்காரர், நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். மகள் வளர்மதி வேற சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று ஒன்பது வருஷம் பேச்சு வார்த்தை இல்லை. சாகப்போகிற நேரத்தில் அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வளர்மதி ஓசூரிலிருந்து பஸ் ஏறிவிட்டாள், ஆனால் மூச்சு அதுவரைக்கும் தாங்காது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அன்றைக்குப் பூங்கோதைக்குத் தேசியப் போட்டியில் கடைசி ஆட்டம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் காதர் பாய் போன் பண்ணிவிட்டார். "கோதை, இன்னைக்குக் கொஞ்சம் நிறையா யோசிம்மா. வளர்மதி வந்து சேரட்டும்."

அவள் யோசித்தாள். ஒரே நகர்த்தலுக்கு ஒரு மணி நேரம் யோசித்தாள். வளர்மதி வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்து கட்டில் பக்கத்தில் விழுந்தபோது பொன்னுரங்கம் அவளை ஏற இறங்கப் பார்த்து, "இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?" என்றார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள், அவரும் சிரித்த மாதிரிதான் இருந்தது. அங்கே பூங்கோதை காயை நகர்த்தினாள், இங்கே மூச்சு நின்றது. மிச்சம் இருந்த பதினைந்து நகர்த்தலையும் நேரமில்லாமல் அவசர அவசரமாக ஆடி, கையிலிருந்த பட்டத்தை விட்டாள்.

சாவு எடுத்து மூன்றாம் நாள் அமிர்தம்மா இஸ்திரி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நடுத்தெருவில் நிறுத்தினார். பெட்டியில் கங்கு தகதகவென்று இருந்தது.

"ஒவ்வொரு வீட்ல இருந்தும் ஒருத்தர் வாங்க," என்றார். "பெட்டி மேல கை காட்டி சத்தியம் பண்ணுங்க. இனிமே எம்பொண்ணு யோசனையில யாரும் கை வெக்கக்கூடாது. சாவோ வாழ்வோ, போட்டி நேரத்துல இந்தத் தெரு சேதி ஒண்ணுகூட அவ காதுக்குப் போகக்கூடாது."

"அமிர்தம், ஒரு நல்ல காரியத்துக்குத்தானே…" என்று பாய் இழுத்தார்.

"பாய், இருபது வருஷமா உங்க சட்டையெல்லாம் நான்தான் தேய்க்கிறேன். ஒரு நாளாவது என் கை வலிக்குதான்னு கேட்டிருக்கீங்களா? அவளுக்கும் வலிக்கும்."

பாய் முதல் ஆளாக வந்து கை காட்டினார். அறுபத்திரண்டு கையும் அந்தச் சூட்டின் மேல் போய் வந்தது. என் கையும்தான். அவளுக்குச் சேதி சொல்லவே வேண்டாம், தானாகவே தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரியும், ஆனால் அதைச் சொன்னால் அமிர்தம்மா உடைந்துபோவார் என்று வாயை மூடிக்கொண்டேன்.

சத்தியம் நின்றது. நாலு வருஷம் ஒருத்தரும் அவளைக் கூப்பிடவில்லை, கல்யாணம், கருமாதி, பாம்புக் கடி, ஒன்றும் சொல்லவில்லை. அந்த நாலு வருஷத்தில்தான் அவள் மேலே மேலே போனாள், தேசியப் பட்டத்தைத் திருப்பி வாங்கினாள், ஆசியப் பட்டம் வாங்கினாள், கடைசியில் உலகப் பெண்கள் பட்டத்துக்கே மோதப் போனாள். பனி பெய்கிற ஏதோ ஒரு ஊர். பத்து ஆட்டம், ஒன்பது முடிந்து இரண்டு பேரும் சமம். பத்தாவது ஆட்டத்தில் ஜெயிக்கிறவளுக்குப் பட்டம்.

அந்தப் பத்தாவது ஆட்டம் இங்கே பிற்பகல் மூன்றரைக்கு. இஸ்திரி வண்டி மேல் போனைச் சாய்த்து வைத்துத் தெருவே சுற்றி நின்றது. எனக்கு எட்டரை மாசம், நாள் இன்னும் மூணு வாரம் இருந்தது, நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரில் சிவப்புச் சட்டை போட்ட வெளிநாட்டுப் பெண். போனில் ஓரமாக ஒரு பட்டை இருக்கும், யார் கை ஓங்குகிறதோ அவர்கள் நிறம் மேலே ஏறும். வெள்ளை ஏறிக்கொண்டே போனது. பூங்கோதைதான் வெள்ளை. ஐந்தேகால் மணிக்குப் பட்டை முழுக்க வெள்ளையானது.

"இன்னும் ஒரே ஒரு நகர்த்தல்தானாம்," என்று காதர் பாய் ஆட்டம் தெரிந்த யாரிடமோ இன்னொரு போனில் கேட்டுச் சொன்னார். "ராணியைக் கொண்டுபோயி அந்த மூலைக்கட்டத்துல வெச்சா முடிஞ்சுது. சின்னப் பசங்களே வெச்சுருவாங்களாம்."

சிவப்புச் சட்டைக்காரி கையைத் தலையில் வைத்துக்கொண்டு எதை நகர்த்துவது என்று திணறிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் எனக்குக் கால் வழியாகத் தண்ணீர் இறங்கியது. கூடவே ஒரு வலி, இடுப்பைப் பிடித்து முறுக்குகிற மாதிரி. என்னைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் இருந்த அமிர்தம்மா வீட்டுக்குள்ளேயே போட்டார்கள். ஸ்டெல்லா சிஸ்டர் எங்கள் தெருதான், முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். வந்து பார்த்தார், முகம் மாறியது.

"தொப்புள்கொடி முன்னாடி வந்துடுச்சு," என்றார். "தலைக்கு முன்னாடி கொடி வந்துகினு இருக்கு. வலி வரவர தலை இறங்கி அதை நசுக்கும். நசுங்கினா அஞ்சு நிமிஷம்கூடத் தாங்காது."

அடுத்த வலி கிளம்பியது. கிளம்பி, உச்சிக்குப் போகிற வழியில், அப்படியே நின்றது. பாலைப் போல நின்றது. வெளியே இருந்து பாய் குரல் கேட்டது. "அவ நகர்த்திட்டா, இப்ப கோதை கடிகாரம் ஓடுது! அம்பத்திரண்டு நிமிஷம் கையில இருக்கு!"

ஸ்டெல்லா சிஸ்டர் கையை உள்ளே வைத்துத் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே சொன்னார். "கோதை யோசிக்கிற வரைக்கும் வலி வராது. கொடி நசுங்காது. பிள்ளை இருக்கும்."

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிடலாமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"தெருவைத் தாண்டின உடனே வலி வந்துடும். பாதி ரோட்டுல போயிடும். டாக்டர்தான் இங்க வரணும். கர்ப்பவாய் முழுசா திறந்துடுச்சு, டாக்டர் வந்து கருவி போட்டா ஒரே வலியில எடுத்துடலாம். நான் தனியா எடுக்க முடியாது."

டாக்டர் ஹேமாவதிக்குப் போன் போனது. கிளம்பிவிட்டார், ரயில்வே கேட் பக்கம் வந்துவிட்டார், கேட் மூடியிருக்கிறது, கூட்ஸ் வண்டி நின்றுவிட்டது. எங்கள் ஊரில் கூட்ஸ் நின்றால் நின்றதுதான்.

அமிர்தம்மா போனைக் கொண்டுவந்து என் தலைமாட்டில் வைத்தார். அதில் பூங்கோதை முகம். இரண்டு கையையும் காதில் வைத்து அழுத்திக்கொண்டு பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு நிமிஷம். நாற்பது. போனில் ஆட்டத்தை விளக்குகிற வெள்ளைக்காரர் சிரித்துச் சிரித்துப் பேசினார், ராணி போகவேண்டிய கட்டத்துக்குப் பச்சையில் அம்பு போட்டுக் காட்டினார்.

"அவளுக்குத் தெரியாதே," என்று அமிர்தம்மா புலம்பினார். "அவகிட்ட யாரும் சொல்லலையே. ஜெயிக்கிற காயி கண்ணு முன்னாடி இருக்கு, இப்ப வெச்சுடுவா. ஐயோ, நானே சத்தியம் வாங்கினேனே, அந்தச் சூட்டுல என் வாயையே வெச்சுத் தேச்சிருக்கலாமே."

பாய் ஓடிப்போய் அந்த ஊர் மண்டபத்துக்கே போன் போட்டுப் பார்த்தார், யார் யாருக்கோ போட்டுப் பார்த்தார். ஆடுகிற இடத்துக்குள் போனே கொண்டுபோக விடமாட்டார்களாம். சத்தியத்தை உடைக்கவும் வழியில்லை.

அவளுக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். நின்றுபோன வலி என்றால் வலிக்காது என்று நினைக்கக்கூடாது, பாதி ஏறின இடத்திலேயே அது உட்கார்ந்திருந்தது. நான் கத்தினால் அவளுக்கு இன்னும் கேட்குமோ, கேட்டால் இன்னும் பாரமாகுமோ என்று சேலையை வாயில் திணித்துக்கொண்டேன். எட்டு வயசிலிருந்து அவள் ஆசைப்பட்டது இந்த ஒரு பட்டத்துக்குத்தான். வைடி, வெச்சுட்டு ஜெயிச்சுட்டு வா என்று ஒரு மனசு. இருடி, வைக்காதே என்று ஒரு மனசு. இரண்டையும் நான் வாயால் சொல்லவில்லை. சொன்னது அமிர்தம்மாதான். இருபத்தெட்டு நிமிஷம் இருக்கும்போது அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மகள் முகத்துக்கு நேராக முகத்தை வைத்து, "இரு," என்றார். "இருடி கண்ணு. வெக்காத. இரு."

வாசலில் நின்றவர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். அவளைச் சின்ன வயசிலிருந்து சீக்கிரம் போடும்மா, உலை கொதிக்கணும் என்று கேலி பேசின அதே வாய்கள், இரு, இரு என்று சொல்லிக்கொண்டு நின்றன. பதினெட்டு நிமிஷம். பதினொன்று. வெள்ளைக்காரர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். சிவப்புச் சட்டைக்காரி எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, பூங்கோதையை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஏழு. ஐந்து.

மூன்று நிமிஷம் இருக்கும்போது டாக்டர் ஹேமாவதி வந்தார், கூட்ஸ் வண்டிக்கு அடியில் குனிந்து வந்திருக்கிறார், புடவை முழுக்கக் கரி. ஊருக்குப் புதுசு. ஸ்டெல்லா சிஸ்டர் கையை எடுக்காமலே, "எங்க தெருப் பொண்ணு யோசிக்குது டாக்டர், அதோட கடிகாரம் நின்னாத்தான் வலி வரும்," என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார்.

"எவ்ளோ நேரம் இருக்கு?"

"ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்டு."

"எனக்கு ரெண்டரை வேணும்," என்று பையைத் திறந்தார்.

கையுறை மாட்டினார். பிள்ளையை இழுத்தெடுக்கிற கருவியில் குழாயைப் பொருத்தினார். ஒரு இணைப்பு உட்காரவில்லை, கழற்றி மறுபடி பொருத்தினார். போனில் நாற்பது செகண்டு. அப்போது பூங்கோதை கையை எடுத்தாள். கை பலகைக்கு மேலே வந்தது, ராணியின் தலைக்கு மேலே வந்து நின்றது. தெரு மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டது. அமிர்தம்மா கண்ணை மூடிக்கொண்டார். பூங்கோதையின் விரல் ராணியைத் தொடாமல் அதன் மேலேயே கொஞ்ச நேரம் இருந்தது, தூங்குகிற பிள்ளை தலைக்கு மேலே கை வைப்பது போல. அப்புறம் திரும்பிப் போய் மடியில் உட்கார்ந்தது.

பத்து. ஐந்து. "ரெடி," என்றார் டாக்டர். பூஜ்யம்.

பாதியில் நின்ற வலி முழுசாக வந்தது. நான் அதுவரைக்கும் வைத்திருந்த எல்லாச் சத்தத்தையும் சேர்த்துக் கத்தினேன். தெருவில் அறுபத்திரண்டு வீட்டிலும் அடுப்பில் மறந்து வைத்த பாலெல்லாம் ஒரே நேரத்தில் பொங்கி அடுப்பை அணைத்தது, அந்தத் தீய்ந்த வாசனைக்குள் என் பிள்ளை பிறந்தது. நீலமாக இருந்தது, ஸ்டெல்லா சிஸ்டர் காலைத் தட்டினார், அழுதது. போனில் சிவப்புச் சட்டைக்காரியை யாரோ கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் பேப்பரில், பூங்கோதை பயத்தில் உறைந்து போனார் என்று போட்டார்கள். டிவியில் ஒருவர், பெண்களுக்குக் கடைசி நேரத்தில் துணிச்சல் வராது என்று விளக்கினார். பூங்கோதை மைக்கில் ஒரே வரிதான் சொன்னாள்: எனக்கு அந்த நகர்த்தல் தெரியவில்லை. காதர் பாய் உண்மையை எட்டுப் பக்கம் எழுதி அனுப்பினார், யாரும் போடவில்லை. கடைத்தெருவில் யாராவது அவளைக் கேலி பண்ணினால் எங்கள் தெரு ஆட்கள் கைகலப்புக்குப் போய்விடுவார்கள், காரணம் மட்டும் சொல்ல முடியாது.

பதினைந்து நாள் கழித்து அவள் பின்கட்டு வழியாக வந்தாள். பிள்ளையை மடியில் போட்டேன்.

"இவளா?"

"இவதான்."

குனிந்து பிள்ளையின் உச்சந்தலையை மோந்து பார்த்தாள். நான்தான் கேட்டேன். "ராணியை அங்க வெச்சா முடிஞ்சுதாமே?"

"ம். மூணாவது நிமிசமே தெரிஞ்சுடுச்சு."

"அப்ப மிச்ச நேரம் பூரா இன்னாடி பண்ண?"

"யோசிச்சேன். சும்மா உக்காந்தா நிக்காதுடி அம்சா, நெஜமா யோசிக்கணும். ஜெயிக்கிறதுதான் முடிஞ்சுபோச்சே, அதுல யோசிக்க ஒண்ணும் இல்ல. அதனால எப்படியெல்லாம் தோக்கலாம்னு ஒவ்வொண்ணா யோசிச்சேன். நூத்துச் சில்லற வழி இருந்துச்சு." பிள்ளையின் விரலை எடுத்துத் தன் விரலில் சுற்றிக்கொண்டாள். "அம்மாகிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லிடாத."

சொல்லவில்லை. ஆனால் அமிர்தம்மா இத்தனை வருஷம் சுருக்கம் எடுத்த ஆள், அவருக்குத் தெரியாதா? ஒருநாள் என் வீட்டுத் துணியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறபோது, திரும்பிப் பார்க்காமல் கேட்டார். "ஆரம்பத்துல இருந்தே அவளுக்குத் தெரியுமா?" நான் துணி மூட்டையைப் பிரிக்க ஆரம்பித்தேன். அவர் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளைக்குத் தன்ஷிகா என்று பேர் வைத்தோம். அவளுக்குப் பொறுமை என்றால் என்னவென்றே தெரியாது. ஒரு தோசை வேகிற வரைக்கும் நிற்கமாட்டாள், செருப்பு மாட்டுகிற வரைக்கும் நிற்கமாட்டாள். இருக்கிற பொறுமையை எல்லாம் பொறந்தப்பவே செலவு பண்ணிட்டா என்பார் காதர் பாய்.

இரண்டரை வருஷத்தில் பூங்கோதை மறுபடி எல்லாரையும் தோற்கடித்து, மறுபடி அதே பட்டத்துக்கு வந்து நின்றாள். எதிரில் அதே பெண். மறுபடி கடைசி ஆட்டம் வரைக்கும் சமம். சுவரில் நேரத்தை எழுதிவிட்டு அமிர்தம்மா கரித்துண்டைக் கீழே போடாமல் நின்றார்.

"சேதி சொல்லாம இருந்தா மட்டும் போதாது," என்றார். "சேதியே இருக்கக்கூடாது. நாளைக்கு இந்தத் தெருவுல ஒண்ணுமே ஆகிக்கினு இருக்கக்கூடாது. எல்லாரும் போயிடலாம்."

மறுநாள் காலையிலிருந்து அறுபத்திரண்டு வீடும் கிளம்பியது. அடுப்பை எல்லாம் அணைத்தோம். புளிக்க வைத்த மாவைக் குண்டானோடு தூக்கினோம், ஈரத்துணியைக் கொடியோடு சுருட்டினோம். அடைகாக்கிற கோழியை முட்டையோடு கூடையில் வைத்தோம். கால் உடைந்து கட்டுப் போட்டிருந்தவரைக் கட்டிலோடு நாலு பேர் சுமந்தார்கள், ஜுரக்காரப் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டோம், நாலு மாசக் கர்ப்பிணி ஒருத்தியை ஸ்டெல்லா சிஸ்டர் கைப்பிடித்து நடத்திக்கொண்டு போனார். செடியில் இருந்த மொட்டுகளையெல்லாம் கிள்ளிக் கூடையில் போட்டோம்.

"முருங்கை மரத்தை இன்னா பண்றது?" என்றார் பாய்.

"அது முத்தாம நின்னா நல்லதுதானே, உடுங்க," என்றாள் எங்கம்மா.

பெரிய ரோட்டைத் தாண்டி ரயில்வே மைதானத்தில் போய் உட்கார்ந்தோம். திரும்பிப் பார்த்தால் எங்கள் தெரு துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. அதுவரைக்கும் நான் பூங்கோதை ஆடுகிற நேரத்தில் அந்தத் தெருவை விட்டு வெளியே வந்ததே இல்லை. இஸ்திரி வண்டி மேல் போனைச் சாய்த்து வைத்தார்கள்.

இந்தத் தடவை பட்டை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, நடுவிலேயே நின்றது. அதுவரைக்கும் மளமளவென்று ஆடிய பூங்கோதை முப்பத்தோராவது நகர்த்தலில் யோசிக்க உட்கார்ந்தாள். சட்டென்று தலையை நிமிர்த்தினாள், எதையோ காணோம் என்பது போலச் சுற்றிலும் பார்த்தாள், அவள் முகத்தில் ஒரு பயம் வந்துபோனதை நான் பார்த்தேன். இருபது வருஷமாகச் சுமந்த மூட்டையை யாரோ முதுகிலிருந்து எடுத்துவிட்டால் ஆள் ஒரு நிமிஷம் தள்ளாடத்தானே செய்யும்? அப்புறம் மெதுவாகக் குனிந்தாள். பத்து நிமிஷம். இருபது. வெள்ளைக்காரர், மறுபடியும் உறைந்துவிட்டாரா என்று கேட்டதாக பாய் சொன்னார், சொல்லிவிட்டு அவரைத் திட்டினார். அமிர்தம்மா எதையும் பார்க்காமல், கங்கு இல்லாத பெட்டியை வெறும் பலகை மேல் இழுத்துக்கொண்டே இருந்தார்.

தன்ஷிகா பால் கேட்டு அழ ஆரம்பித்தாள். சமாதானம் பண்ணிப் பார்த்தேன், முடியவில்லை. மூன்று கல்லைக் கூட்டிச் சுள்ளி வைத்துச் சின்னப் பாத்திரத்தில் பாலை வைத்தேன். அவள் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே குந்திக்கொண்டு, "பொங்கு, பொங்கு," என்று அதை மிரட்டினாள்.

"இப்பப் பொங்காதுடி," என்றேன், வாய்ப் பழக்கம். "கோதை அத்தை யோசிச்சுகினு இருக்காங்க இல்ல?"

சொல்லி வாய் மூடவில்லை. பால் ஏடு கட்டியது, விளிம்பு வரைக்கும் வந்தது, வந்து நிற்கவில்லை. நுரைத்துக்கொண்டு மேலே எழும்பி நாலு பக்கமும் வழிந்தது, கல்லெல்லாம் சுர்ரென்றது. நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். மைதானத்தில் பேசிக்கொண்டிருந்த சனம் ஒவ்வொருத்தராகப் பேச்சை நிறுத்திவிட்டு அந்தப் பாலையே பார்த்தது. அமிர்தம்மா பெட்டியை வைத்துவிட்டுக் கிட்டே வந்தார், பாலைப் பார்த்தார், போனைப் பார்த்தார். மகளின் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருந்தது, முப்பத்து மூன்றாவது நிமிஷம்.

"இப்பத்தான்," என்றார் அமிர்தம்மா, கண்ணைத் துடைக்காமலே. "இப்பத்தான் எம்பொண்ணு ஆட்டத்தை மட்டும் ஆடுறா."

தன்ஷிகா கை தட்டிச் சிரித்தாள். போனில் பூங்கோதை கையை எடுத்தாள், ராணியைத் தூக்கினாள், அவசரமே இல்லாமல் கொண்டுபோய் வைத்தாள்.